ஒரு சென்ட்ரல் லைனின் வரவு செலவு

3,75,757. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து எண்ணிக் கொடுத்த குழாய் நாட்கள் இவ்வளவு. பெரிய ரத்தநாளத்துக்குள் செலுத்தும் குழாய்க்குச் சென்ட்ரல் லைன் என்று பெயர்; ஒரு நோயாளியின் கழுத்திலோ மார்பிலோ அது ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள். பத்துப் பேருக்கு மூன்று நாள் இருந்தால் முப்பது. அந்த நாட்களில் எத்தனை முறை குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்தது என்பதை எண்ணி, ஆயிரம் குழாய் நாளுக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம். மிச்சிகனின் தொடக்கச் சராசரி 7.7. தொற்றைத் தடுக்கும் திட்டம் தொடங்கிப் பதினாறிலிருந்து பதினெட்டு மாதம் ஆனபோது 1.4. 2006 டிசம்பர் 28 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இந்தக் கணக்கு வெளியானது.

இடையில் புது மருந்து எதுவும் வரவில்லை, புது இயந்திரமும் வாங்கவில்லை. ஐந்து வேலைகளை ஒழுங்காகச் செய்தார்கள்: கை கழுவுவது, குழாய் போடும்போது தொப்பி, முகக்கவசம், கவுன், கையுறை அணிந்து நோயாளியைத் தலை முதல் கால் வரை கிருமி நீக்கிய துணியால் மூடுவது, தோலைக் குளோரெக்சிடின் கொண்டு துடைப்பது, முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர்த்து வேறு இடத்தில் போடுவது, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவது. எல்லாமே ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருந்தவை. எந்த டாக்டரை எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

தெரிந்த வேலையைச் செய்யவைக்க எவ்வளவு செலவாகும்? இந்தக் கட்டுரை அதற்கான பேரேடு. பொருளின் விலை இதில் சின்னத் தொகைதான். பெரிய தொகை வேறு ஓர் இனத்தில் இருக்கிறது. எந்த மருத்துவமனை பட்ஜெட்டிலும் அதற்குத் தலைப்பு கிடையாது.

எட்டு இடமும் ஒரு வண்டியும்

கதை தொடங்கியது மிச்சிகனில் அல்ல, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். அங்கே மயக்கவியல் மற்றும் தீவிர சிகிச்சை மருத்துவரான பீட்டர் ப்ரோனோவோஸ்ட்டும் அவருடைய சகாக்களும் ஓர் அறுவை சிகிச்சை ஐ.சி.யு.வை எடுத்துக்கொண்டு கவனித்தார்கள். குழாய் போடும் தருணங்களில் தொற்றுத் தடுப்பு விதிகள் முழுசாகப் பின்பற்றப்பட்டது நூற்றுக்கு 62 முறைதான். உலகப் புகழ் பெற்ற மருத்துவமனை அது. மீதி 38 முறை அங்கே ஏதோ ஒன்று விட்டுப்போனது.

காரணம் சோம்பல் என்று எழுதிவிடலாம், சுலபம். ஆனால் அவர்கள் கண்டது வேறு. குழாய் போட வேண்டிய டாக்டர் சாமான்களைச் சேர்க்க எட்டு இடங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. கவுன் ஓர் அலமாரியில், துணி இன்னொன்றில், குளோரெக்சிடின் மூன்றாவது இடத்தில். ராத்திரி இரண்டு மணி, நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய துணி கிடைக்கவில்லை என்றால் கையில் உள்ள சின்னத் துணியோடு வேலையை முடிப்பார்கள். எனவே முதல் செலவு ஒரு தள்ளுவண்டி. எல்லாச் சாமான்களும் அதில் இருக்கும், தேவைப்படும் படுக்கைக்கு அருகே அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். பேரேட்டின் மிக மலிவான வரி இதுதான். மனிதர்களின் குணத்தைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் முதலில் அலமாரியைத் திருத்தலாமே என்று எனக்குப் படுவதுண்டு.

இரண்டாவது செலவு ஒரு தாள். அதில் வேலைகள் வரிசையாக இருக்கும். டாக்டர் குழாய் போடும்போது நர்ஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக டிக் செய்வார். முதல் மாதம் 38 குழாய்கள் போடப்பட்டன. அவற்றில் 12 முறை, அதாவது நூற்றுக்கு 32, நர்ஸ் தலையிட வேண்டியிருந்தது.

அந்தப் பன்னிரண்டு தருணங்களைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். துணி நோயாளியின் மார்பை மட்டும் மூடியிருக்கிறது, கால் பக்கம் திறந்து கிடக்கிறது. நர்ஸ் தாளைப் பார்க்கிறார், டாக்டரைப் பார்க்கிறார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "டாக்டர், கொஞ்சம் நில்லுங்க, துணி முழுசா மூடலை." நம்மூர் ஆஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர் ஒரு பெரிய டாக்டரிடம் இதைச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். பால்டிமோரிலும் அது அவ்வளவு எளிதாக இல்லை. ஆகவே நிர்வாகம் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவைத்தது: படி தவறினால் நர்ஸ் நிறுத்தலாம், டாக்டர் மறுத்தாலும் மேலிடம் நர்ஸின் பக்கம் நிற்கும். தாள் என்று ஊருக்குப் பேர். வேலை செய்தது இந்த உத்தரவாதம்.

1998 முதல் காலாண்டில் அந்த ஐ.சி.யு.வில் ஆயிரம் குழாய் நாளுக்கு 11.3 தொற்று. 2002 கடைசிக் காலாண்டில் பூஜ்யம். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த இன்னொரு ஐ.சி.யு.விலும் 5.7 என்பது 1.6 ஆகக் குறைந்தது. இதை மறக்கக் கூடாது, பின்னால் தேவைப்படும். தங்கள் பிரிவில் ஓராண்டில் 43 தொற்றுகளும் 8 சாவுகளும் 19,45,922 டாலரும் தவிர்க்கப்பட்டன என்பது அவர்களின் மதிப்பீடு. கடைசி இரண்டு டாலர் வரை சொல்லியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். மதிப்பீடு என்பது அப்படித்தான், பெருக்கல் முடிந்த இடத்தில் நிற்கும்.

வாய் திறப்பதன் விலை

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வது ஏன் அவ்வளவு கஷ்டம்? இதற்கும் எண்கள் இருக்கின்றன.

2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரையன் செக்ஸ்டன், எரிக் தாமஸ், ராபர்ட் ஹெல்ம்ரைக் மூவரும் மருத்துவத் துறையினர் 1,033 பேரின் பதில்களை 30,000-க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்களின் பதில்களோடு வைத்துப் பார்த்தார்கள். மேலே இருப்பவர் முடிவைக் கீழே இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது என்ற ஏற்பாட்டை நிராகரித்தவர்கள் விமானிகளில் 97 சதவீதம், மூத்த அறுவை சிகிச்சை மருத்துவர்களில் 55 சதவீதம். களைப்பு என் வேலையைப் பாதிக்காது என்றவர்கள் விமானிகளில் 26 சதவீதம், அந்த மருத்துவர்களில் 70. ஐ.சி.யு. ஊழியர்களில் மூன்றில் ஒருவர் தாம் தவறு செய்வதையே ஒப்புக்கொள்ளவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் தவறுகளைப் பற்றிப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது என்றார்கள்.

இதே குழு 2003-இல் ஹூஸ்டன் பகுதியில் எட்டு ஐ.சி.யு.க்களில் ஒரு கேள்வி கேட்டது: எதிர்த்தரப்போடு உங்கள் ஒத்துழைப்பு எப்படி? நர்ஸ்களோடு நன்றாக இருக்கிறது என்றவர்கள் டாக்டர்களில் 73 சதவீதம். டாக்டர்களோடு நன்றாக இருக்கிறது என்றவர்கள் நர்ஸ்களில் 33 சதவீதம். ஒரே அறை, ஒரே ஷிப்டு, ஒரே நோயாளி. நாற்பது புள்ளி இடைவெளி. மேலிருந்து பார்ப்பவருக்கு எப்போதும் உறவு சுமுகமாகத்தான் தெரியும், வீட்டிலும் அப்படித்தான்.

இதைவிடக் கூர்மையான எண் ஜெருசலேமிலிருந்து வந்தது. 1995-இல் வெளியான ஆய்வு அது, ஆறு படுக்கை கொண்ட ஓர் ஐ.சி.யு.வில் நடந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் செய்யப்படும் செயல்கள் சராசரியாக 178. அவற்றில் தவறுகள் 1.7. நூற்றுக்கு 99 சரி என்பதால் பெருமைப்படலாம், ஆனால் நாளுக்கு இரண்டு தவறு என்றும் அதைப் படிக்கலாம். நான்கு மாதத்தில் 554 தவறுகள் பதிவாயின. டாக்டரும் நர்ஸும் வாய்ப்பேச்சில் தகவல் பரிமாறியது மொத்தச் செயல்களில் 2 சதவீதம்தான், தவறு அறிக்கைகளில் அதன் பங்கு 37 சதவீதம். ஒரு சிறு வாசல் வழியே பிழைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வந்திருக்கிறது.

அந்த வாசலை அடைப்பதற்கு ஆன செலவும் ஒரு தாள்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் 16 படுக்கை கொண்ட ஒரு புற்றுநோய் அறுவை சிகிச்சை ஐ.சி.யு.வில் காலை ரவுண்டு முடிந்ததும் பயிற்சி டாக்டர்களையும் நர்ஸ்களையும் கேட்டார்கள்: இன்று இந்த நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும்? சரியாகத் தெரிந்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு படுக்கைக்கும் அன்றைய இலக்குகளை எழுதி வைக்கும் தாளைக் கொண்டுவந்தபின் 95 சதவீதத்துக்கு மேல். ஐ.சி.யு.வில் நோயாளி தங்கும் நாள் சராசரி 2.2-இலிருந்து 1.1 ஆனது. ரவுண்டு என்பது மூத்த டாக்டர் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்துபோவது என்று நர்ஸ்கள் கேலி செய்வதில் கணக்குப்படியும் நியாயம் இருந்திருக்கிறது.

பத்துப் படுக்கைக் கணக்கு

மிச்சிகன் திட்டம் 2003 அக்டோபரில் தொடங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸும் மிச்சிகன் மருத்துவமனைகள் சங்கமும் சேர்ந்து நடத்தின. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் உயர் நிர்வாகிகளில் ஒருவரை ஐ.சி.யு.வோடு இணைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அதிகாரி மாதம் ஒருமுறையாவது அங்கே போய் ஊழியர்களின் குறையைக் கேட்பார். இது சடங்காகப் போயிருக்கலாம். ஆனால் முதல் கண்டுபிடிப்பே சடங்குக்கு மேலானது: மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஐ.சி.யு.க்களில்தான் குளோரெக்சிடின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நர்ஸ் கேட்டால் கொள்முதல் பிரிவில் படிவம் தூங்கும். அதிகாரி கேட்டால் சில வாரத்தில் வரும். பிறகு குழாய் செய்யும் ஒரு கம்பெனியையே பேசிச் சம்மதிக்கவைத்து, துணியும் குளோரெக்சிடினும் அடங்கிய கிட் தயாரிக்கச் செய்தார்கள்.

முடிவுகளைச் சொல்லும்போது இரண்டு எண்கள் புழங்குகின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது. இடைநிலை எண் 2.7-இலிருந்து மூன்றே மாதத்தில் பூஜ்யம் ஆனது. சராசரி 7.7-இலிருந்து 1.4 ஆனது. இடைநிலை பூஜ்யம் என்றால் பாதிக்கும் மேற்பட்ட பிரிவுகளில் அந்தக் காலாண்டில் ஒரு தொற்றுகூட இல்லை என்று பொருள். மீதிப் பிரிவுகளில் இருந்ததால்தான் சராசரி 1.4. தலைப்புச் செய்திக்குப் பூஜ்யம் கவர்ச்சி, நோயாளிக்கு 1.4 தான் உண்மை. முப்பத்தாறு மாதம் கழித்து எண்ணியபோது, தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்த 90 பிரிவுகளில் சராசரி 1.1. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திட்டங்கள் வழக்கமாக முதல் வருடம் ஜொலிக்கும், மூன்றாம் வருடம் சுவரொட்டியாகிவிடும்.

மனநிலையையும் அளந்தார்கள். பாதுகாப்புச் சூழல் நல்லது என்று ஊழியர்களில் 60 சதவீதம்கூடச் சொல்லாத ஐ.சி.யு. 'மேம்பட வேண்டியது' என்று வகைப்படுத்தப்பட்டது. 2004-இல் 87 சதவீத ஐ.சி.யு.க்கள் இந்த வகையில் இருந்தன. 2006-இல் 47 சதவீதம். பாதிப் பிரிவுகள் அப்போதும் தேறவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

பிறகு செலவு. ஆறு மருத்துவமனைகளை வைத்து 2011-இல் வந்த பொருளாதார ஆய்வு, ஊழியர் நேரத்தையும் சேர்த்து, ஒரு தொற்றைத் தவிர்க்க 3,375 டாலர் ஆனதாகக் கணக்கிட்டது (2007 விலையில்). மருத்துவமனைக்கு ஆண்டுக்குச் சராசரி 29.9 குழாய்த் தொற்றும், வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா 18.0-உம் தவிர்க்கப்பட்டன. பெருக்கினால் ஒரு மருத்துவமனைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,62,000 டாலர் வருகிறது. எதிர்ப்பக்கத்தில், ஒரு குழாய்த் தொற்றின் கூடுதல் சிகிச்சைச் செலவாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-இல் எடுத்துக்கொண்டது 16,550 டாலர். இறப்பு 12 முதல் 25 சதவீதம்.

இவற்றை ஒரு கற்பனை வார்டில் போட்டுப் பார்ப்போம். பத்துப் படுக்கை, எந்த நாளும் ஆறு பேருக்குச் சென்ட்ரல் லைன். எண்கள் என் பெருக்கல்தான்.

ஆண்டுக் குழாய் நாட்கள் (6 × 365): 2,190
7.7 வீதத்தில் தொற்று: 16.9
1.4 வீதத்தில் தொற்று: 3.1
குறைந்தது: 13.8
தடுக்க ஆன செலவு (13.8 × 3,375): 46,575 டாலர்
தவிர்த்த சிகிச்சைச் செலவு (13.8 × 16,550): 2,28,390 டாலர்
பிழைத்தவர்கள்: 1.7-க்கும் 3.5-க்கும் இடையில்

ஒரு டாலர் போட்டால் ஐந்து டாலர் மிச்சம். 2017-இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை ஒரு தொற்றின் கூடுதல் செலவை 48,108 டாலர் என்று மதிப்பிட்டது. அதை வைத்தால் ஒன்றுக்குப் பதினான்கு. இவ்வளவு லாபமான முதலீட்டுக்கு மருத்துவமனைகள் முண்டியடித்திருக்க வேண்டுமே? முண்டியடிக்கவில்லை. ஏன் என்பதற்கு அடுத்த பத்தி.

மிச்சம் யாருக்கு?

2,28,390 டாலர் தவிர்க்கப்பட்டது என்றால் யாரோ ஒருவர் அதைக் கட்டாமல் தப்பித்தார் என்று பொருள். அது பெரும்பாலும் காப்பீட்டுக் கம்பெனி. தாளுக்கும் வண்டிக்கும் நர்ஸின் நேரத்துக்கும் செலவழித்ததோ மருத்துவமனை.

2013-இல் ஜாமா இதழில் வந்த ஓர் ஆய்வு இதைப் பச்சையாகச் சொன்னது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 12 மருத்துவமனைகள் கொண்ட ஒரு குழுமம், 2010-ஆம் ஆண்டின் 34,256 அறுவை சிகிச்சை நோயாளிகள். அவர்களில் 1,820 பேருக்குச் சிக்கல்கள் வந்தன. தனியார் காப்பீடு உள்ள நோயாளிக்குச் சிக்கல் வந்தால், வராதவரைவிட மருத்துவமனைக்கு 39,017 டாலர் அதிகப் பங்களிப்பு (வரவில் மாறும் செலவு போக மிஞ்சுவது) கிடைத்தது. அரசின் மெடிகேர் நோயாளி என்றால் 1,749 டாலர். யாரும் வேண்டுமென்றே தொற்று வரவைப்பதில்லை, அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் குளோரெக்சிடின் கேட்ட படிவம் ஏன் தூங்கியது என்பது இப்போது கொஞ்சம் புரிகிறது.

2008 அக்டோபர் முதல் மெடிகேர், மருத்துவமனையிலேயே வந்த குழாய்த் தொற்றுக்குக் கூடுதல் பணம் தர மறுத்தது. தேசிய அளவில் ஐ.சி.யு. குழாய்த் தொற்றுகள் 2001-இல் 43,000 என்றும் 2009-இல் 18,000 என்றும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. 58 சதவீதச் சரிவு. இதில் எவ்வளவு தாளுக்கு, எவ்வளவு பணத்தடைக்கு என்று பிரிப்பவர் துணிச்சல்காரர்.

மிச்சிகனின் மிச்சத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. 2011-இல் மெடிகேர் பதிவுகளை வைத்து மிச்சிகனின் 95 மருத்துவமனைகளைச் சுற்றுவட்ட மாநிலங்களின் 364 மருத்துவமனைகளோடு ஒப்பிட்டார்கள். இறப்பு மிச்சிகனில் கூடுதலாகக் குறைந்திருந்தது, சந்தேகமில்லை. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. மிச்சம் என்று போட்ட டாலர்களில் பெரும்பகுதி தங்கும் நாள் குறைவதை நம்பித்தான் நிற்கிறது. எனவே உயிர்க் கணக்கை நான் நம்புகிறேன், டாலர் கணக்கைப் பாதி நம்புகிறேன்.

எண்ணுகிறவர் யார்?

இங்கிலாந்து 2009-இல் இதையே செய்து பார்த்தது. 223 ஐ.சி.யு.க்கள், இருபது மாதம். பெரியவர்களுக்கான பிரிவுகளில் ஆயிரத்துக்கு 3.7 என்பது 1.48 ஆனது. மிச்சிகனை எட்டிவிட்டோம் என்று கொடி பிடிக்கலாம். ஆனால் பிரிவுகளை அணி அணியாக, வெவ்வேறு மாதங்களில் சேர்த்திருந்தார்கள். பின்னால் சேர்ந்த அணிகளில், திட்டம் வருவதற்கு முன்பே தொற்று குறைந்துகொண்டிருந்தது. ஹாப்கின்ஸில் தாளைத் தொடாத இன்னொரு ஐ.சி.யு.விலும் குறைந்ததே, அது போலத்தான். காற்றே அந்தத் திசையில் அடித்துக்கொண்டிருந்தது. மிச்சிகன் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு என்று ஒன்றே இல்லை.

அடுத்து எண்ணும் முறை. மேரி டிக்சன்-வுட்ஸ் தலைமையிலான குழு இங்கிலாந்தில் 17 ஐ.சி.யு.க்களில் உட்கார்ந்து, தொற்று எப்படி எண்ணப்படுகிறது என்று பார்த்தது. ரத்தத்தை எப்போது கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்ப்புச் சோதனைக்கு, அனுப்புவது என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறியது. குழாயால் வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று தீர்மானிப்பதிலும் மாறியது. அடிக்கடி கல்ச்சர் அனுப்புகிற கவனமான பிரிவின் எண் ஏறும், அனுப்பாத பிரிவின் எண் அழகாக இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு படியால் அளந்தார்கள். ஆகவே இரண்டு மருத்துவமனைகளின் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரிசு கொடுக்கக் கூடாது. ஒரே மருத்துவமனையின் சென்ற வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் ஒப்பிடலாம், ஓரளவுக்கு.

இன்னொரு வினோதம். 2007 கடைசியில் அமெரிக்க அரசின் ஆய்வு ஒழுங்கு அலுவலகம் மிச்சிகன் வேலையில் தரவு சேர்ப்பதை நிறுத்தவைத்தது. கை கழுவுவதை எண்ணுவது மனிதர்கள் மீதான ஆய்வு, நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்கவில்லை என்பது புகார். எதிர்ப்பு கிளம்பி, 2008 பிப்ரவரியில் முடிவு மாற்றப்பட்டது. கை கழுவாமல் குழாய் போடுவதற்கு அதுவரை யாரும் சம்மதக் கையெழுத்து கேட்டதில்லை.

தூக்கமும் தண்டனையும்

பேரேட்டில் இன்னும் இரண்டு இனங்களை விரைவாகப் பார்த்துவிடலாம்.

பாஸ்டனில் ஐ.சி.யு. பயிற்சி டாக்டர்களை 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய ஷிப்டிலும், குறைத்த ஷிப்டிலும் வைத்துப் பார்த்தார்கள் (2004). ஆயிரம் நோயாளி நாளுக்குத் தீவிரத் தவறுகள் முறையே 136.0, 100.1. தூங்கவிட்டால் தவறு குறையும், தீர்ந்தது விஷயம் என்று தோன்றும். 2020-இல் ஆறு குழந்தைகள் ஐ.சி.யு.க்களில் இதையே மறுபடி செய்தபோது தலைகீழாக வந்தது: குறைத்த ஷிப்டில் 97.1, நீண்ட ஷிப்டில் 79.0. என்ன நடந்தது? நேரத்தைக் குறைத்தார்கள், ஆளைக் கூட்டவில்லை. ஒரு டாக்டர் பார்க்க வேண்டிய நோயாளிகள் 6.7-இலிருந்து 8.8 ஆனார்கள். வேலைச்சுமையைக் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் மறைந்தது. ஆள் போடாமல் சீர்திருத்தம் செய்தால் பில் வேறு வரியில் வந்து நிற்கும். கோவிட் காலம் இதைப் பெரிய அளவில் காட்டியது. 2020 கடைசிக் காலாண்டில் அமெரிக்க மருத்துவமனைகளின் குழாய்த் தொற்று விகிதம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 47 சதவீதம் ஏறியது. தாள் அதே தாள். பக்கத்தில் நின்று டிக் செய்ய ஆள் இல்லை.

தண்டனை. 2017 டிசம்பரில் டென்னசி மாநில நாஷ்வில்லில், நரம்பியல் ஐ.சி.யு. நோயாளி ஒருவருக்கு ஸ்கேனுக்காக அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்க வேண்டிய நர்ஸ், மருந்து இயந்திரத்தின் பூட்டைத் தாண்டும் வசதியைப் பயன்படுத்தி, தசைகளைச் செயலிழக்கவைக்கும் வெக்யூரோனியத்தை எடுத்துச் செலுத்திவிட்டார். 75 வயதுப் பெண்மணி இறந்தார். தவறைத் தானே உடனே சொன்னவர் அந்த நர்ஸ். 2022 மார்ச்சில் நடுவர் மன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. இறந்தவரின் குடும்பத்துக்கு நியாயம் வேண்டாமா என்று கேட்டால் வேண்டும்தான். ஆனால் தவறைப் பேசுவது கஷ்டம் என்று 2000-இல் சொன்ன அந்தப் பாதிப்பேருக்கும் மேலானவர்களின் எண்ணிக்கை இந்தத் தீர்ப்புக்குப் பிறகு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

நம் பக்கத்து வரி

2004 முதல் 2007 வரை ஏழு இந்திய நகரங்களின் 12 ஐ.சி.யு.க்களில் 10,835 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆயிரம் குழாய் நாளுக்குத் தொற்று 7.92. மிச்சிகனின் தொடக்க எண்ணான 7.7-க்குப் பக்கத்தில்தான். நம் கற்பனை வார்டில் போட்டால் ஆண்டுக்கு 17.3 பேர்.

மாறுவது பணம் கட்டுகிறவர். 2021-22-இல் இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. 2013-14-இல் இது 64.2. குறைந்திருக்கிறது, இருந்தாலும் கனமான எண். மிச்சிகனில் 16,550 டாலரைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டியது. இங்கே தனியார் ஐ.சி.யு. என்றால் பெரும்பாலும் மகன் நகைக்கடை ரசீதோடு கவுண்டருக்கு வருகிறான். அவன் கையில் தரும் பில்லில் 'லைன் தொற்று' என்று தனி வரி இருக்காது. கூடுதல் ஆறு நாள் படுக்கை வாடகை, ரத்தக் கல்ச்சர் இரண்டு, மெரோபெனம் ஊசி இத்தனை, புது சென்ட்ரல் லைன் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். பழைய லைனும் அதே பில்லில் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்.

மருத்துவமனைத் தர வாரியமான என்.ஏ.பி.எச்.-இன் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஆயிரம் குழாய் நாளுக்கு எத்தனை தொற்று என்பதைக் கணக்கு வைத்தாக வேண்டும். அந்த எண் தரப் பிரிவின் கோப்பில் மாதாமாதம் ஏறுகிறது. கவுண்டரில் கேட்டால் படுக்கை வாடகை சொல்வார்கள், வென்டிலேட்டருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று சொல்வார்கள். அந்த எண்ணைக் கேட்டால் மேனேஜரைப் பார்க்கச் சொல்வார்கள்.